இடது பக்க ஹெட்லைட்

அண்ணா,

ஆர்டர் அண்ணி பெயரில் வந்தால் எனக்குத் தெரியாதா? அப்பாவின் பழைய காருக்கு இன்னும் ஹெட்லைட் தேடுகிற ஆள் உன்னைத் தவிர யார்?

நான் நன்றாக இருக்கிறேன். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கார் பாகம் விற்கிற ஆன்லைன் கடையும் அதே அறையில்தான். நேற்று வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், "உங்க பின்னாடி நிக்கிறது என்னங்க, பம்பரா?" என்றார். "ஆமா சார், உங்க காருக்கும் இருக்கு" என்றேன். மனிதர் சாயங்காலமே ஒன்று வாங்கிவிட்டார்!

விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டது இடது பக்க ஹெட்லைட். இந்தப் பெட்டியில் இருப்பது வலது. கோபப்படாதே. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் இடது வலது சொல்ல வேண்டும். நீ எப்போதும் காருக்கு எதிரே நின்றுகொண்டு சொல்வாய். "டேய், உள்ள உக்காந்து பாத்துச் சொல்லுடா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வாரே, மறந்துவிட்டாயா?

மூன்று வருடமாக நாம் பேசாததைப் பற்றி இப்போது எழுதவில்லை. பெட்டியில் இடமில்லை.

இத்தனை நாளில் நீ திருந்தியிருந்தால் இந்த விளக்கு பொருந்தாது. அப்படியானால் கூரியரில் திருப்பி அனுப்பாதே, நேரில் கொண்டுவா. இடது பக்கத்தை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

பொருந்திவிட்டால், அந்தக் காரிலேயே வா.

உன் தங்கை
(கடை முதலாளியும் நான்தான், பெட்டி ஒட்டுகிறவளும் நான்தான்)