இன்னொரு உலகத்தில் மணி ஆறரை

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும். ஏழு வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் இரண்டு வரி செய்தி அனுப்புகிறாய், அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். உன் கோபம் நியாயம்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் மறுபடியும் சண்டைக்கு வந்துவிடுவேன், அதனால்தான் காகிதம்.

குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. எங்கள் சோதனைக்கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, முள் ஆடுவதற்குப் பதிலாகத் திரையில் எண் ஓடுகிறது, எனக்கு அது பழகவில்லை. கான்கிரீட் கட்டியை வைத்து அழுத்தும்போது முள்ளைப் பார்த்தே அது எப்போது நொறுங்கும் என்று சொல்லிவிடுவேன், இந்த எண் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம், அதற்குள் சமாதானம் ஆகிவிடுவோம். மாடி வீட்டுக்காரர்கள் மறுபடியும் நாய் வளர்க்கிறார்கள், போன நாயைவிட இது தேவலை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மழை நாளில், நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் ஓடி வந்து அப்பாவின் பஸ்ஸில் அடிபட்டு இறந்தாரே, அதிலிருந்து அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. டிப்போவில் நேரம் குறிக்கும் மேஜையில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றார். அன்றைக்கு ஒரு நொடி முன்னால் பிரேக் போட்டிருந்தால், ஒரு நிறுத்தத்தில் ஒரு ஆள் கூடுதலாக ஏறியிருந்தால் என்று சாப்பிடும் தட்டைப் பார்த்தபடியே கேட்பார். நான் அந்தத் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைப்பேன்.

அப்போதுதான் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் போனில் உன் ஆராய்ச்சியைப் பற்றி அவருக்கு விளக்கிச் சொன்னாய். எல்லாப் பொருளுக்கும் அடியில் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத சின்னச் சின்ன இழைகள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன, அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே போனால் எண்ண முடியாத அளவுக்கு உலகங்கள் வருகின்றன என்றாய். நான் துணி மடித்துக்கொண்டே அரைக் காதில் கேட்டேன். மறுநாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். விசிலடித்துக்கொண்டு சவரம் செய்தார். என்ன விஷயம் என்று கேட்டால், "இன்னொரு உலகத்துல நான் நேரத்துக்கு பிரேக் போட்டுட்டேன். அந்த ஆளு வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். முப்பத்திரண்டு வருடமாக நொறுக்கிப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடாதவள் நான். என் வீட்டுக்குள்ளேயே ஒரு மனிதர் யாரும் பார்க்க முடியாத உலகத்தில் குடியேறிக்கொண்டிருந்தார், அதற்குச் சாவி கொடுத்தது என் மகள் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். "சோதிச்சுப் பாக்க முடியாததுக்கு அறிவியல்னு பேர் வெச்சு வீட்டுக்குள்ள கொண்டு வராதே. அதுக்குப் பேர் வேற" என்றேன். நீ, "இங்க பணம் குடுக்கற கமிட்டியும் அதையேதான்மா கேக்குது, எங்க ஆராய்ச்சிக் குழு இருக்கணுமா வேணாமான்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பெற்றவளும் கமிட்டியோடு சேர்ந்துகொண்டாளே என்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று வாரம் முன்னால் அப்பா, இறந்தவருடைய மனைவியைப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றார். அந்த அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது, அந்தச் சந்து வழியாகப் போகவே மாட்டாராம். எதற்கு என்று கேட்டேன். "அந்த உலகத்தப் பத்தி அவங்களுக்கும் தெரியட்டும், பாவம்" என்கிறார். அவள் செருப்பைக் கழற்றினால்கூட நியாயம் அவள் பக்கம்தானே. எவ்வளவோ சொன்னேன், பிடித்த பிடியை விடவில்லை. சரி, தனியாக விடக்கூடாது என்று லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.

கடை என்றால் ஒரு ஆள் குறுக்கே படுக்க முடியாத அகலம். ஒரு நகல் மெஷின், அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும் கருவி ஒன்று, மூலையில் ஒரு மின்விசிறி. ஐந்தாறு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், நாங்களும் நின்றோம். எங்கள் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமலே, "என்ன சார், எத்தன காப்பி?" என்று கை நீட்டினாள். இவர் என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையிலிருந்த நோட்டை ஒரு பக்கத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார். டிரைவராக இருந்த காலத்தில் டிரிப் குறித்த பழக்கம், இப்போதும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார் என்றுதான் உனக்குத் தெரியுமே. அவள் திரும்பி, மெஷின் கண்ணாடி மேல் வைப்பதற்காகப் பக்கத்தை நீவினாள், நீவிய கை அப்படியே நின்றது. படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். அதுவரைக்கும் அதை நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பக்கத்தில் நீ சொன்னதை எல்லாம் அப்பா வரி வரியாக எழுதி வைத்திருந்தார். மகள் கணக்குப் போடும் உலகங்கள் வேறு, அங்கே விதிகளே வேறாக இருக்கும், பஸ்ஸும் இருக்காது மனுஷனும் இருக்கமாட்டான். இன்னொரு நான் இருக்கிற உலகம் என்பது வேறு ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது. அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சோதிக்க வழி இன்றைக்கு இல்லை. 'அதை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்கப்பா என்று மகள் சொன்னாள்.' அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: 'இருந்தால், அங்கே அந்த மனிதர் ஆறரைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.' வாலு, நீ ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. எது தெரியும், எது தெரியாது, எது உன்னுடையது, எது அடுத்தவர்களுடையது என்று பிரித்துப் பிரித்துத்தான் சொல்லியிருக்கிறாய். அரைக் காதில் கேட்டுவிட்டு முழு வாயில் திட்டியவள் நான்தான். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அவள் நோட்டை மூடவில்லை. "நீங்க அந்த பஸ் டிரைவர்தானே" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. "அப்படி ஒரு உலகம் இருந்தா, அங்க இருக்கறவ குடுத்து வெச்சவ. எனக்கு அதுல ஒண்ணும் ஆகறதுக்கில்ல. எனக்கு இந்த உலகத்துல ஒரு கேள்வி இருக்கு, ஒம்போது வருஷமா. உங்களத் தவிர யாராலயும் பதில் சொல்ல முடியாது" என்றாள். அன்று காலையில் அவர்களுக்குள் பெரிய சண்டையாம். இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். சாயங்காலம் இப்படிச் சேதி வந்ததும் அவர் வீட்டு ஆட்கள் இவள்தான் அவரைப் பஸ்ஸில் விழ வைத்துவிட்டாள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம். இல்லை என்று சொல்ல இவளிடம் ஒன்றும் இல்லை, இவளுக்கே நிச்சயம் இல்லை. "அவரா வந்து விழுந்தாரா? உண்மையச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

அப்பா சொன்னார். தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார், பஸ்ஸைப் பார்த்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார், சாகப் போகிறவன் கையைக் காட்டமாட்டான் என்றார். அடிபட்ட பிறகு சில நிமிடம் நினைவு இருந்தது, ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது தான்தான் என்றார். "மணி என்னன்னு கேட்டாரும்மா. ஆறு இருபதுன்னேன். ஐயோ லேட்டாயிடுச்சே, வீட்ல திட்டுவாளேன்னாரு." விசாரணையில் வேகம் கேட்டார்கள், தூரம் கேட்டார்கள், அவர் என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லையாம். குடும்பத்தைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று அப்போது டிப்போவில் சொல்லி வைத்தார்கள், அப்புறம் பார்க்க இவருக்கு முகம் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றாள். சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டாள். அதற்குள் பின்னால் நின்ற பெரியவர் அவசரம் என்று முனகினார், நான்தான் மெஷின் பக்கம் போய் அவருக்கு எட்டு நகல் எடுத்துக் கொடுத்தேன், அதில் இரண்டு கோணல். திரும்பிப் பார்த்தால் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள், அழுகைக்கு நடுவே, "திட்டியிருப்பேன், நிச்சயம் திட்டியிருப்பேன்" என்கிறாள். அப்பாவும் அழுதார். இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, ஒன்பது வருடத்தில்.

என் புத்தி உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும், அவர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா, இல்லை அவள் மனசு ஆறட்டும் என்று நீங்களாகச் சேர்த்ததா என்று கேட்டேவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. பரணில் ஏறி அந்த வருடத்து நோட்டை எடுத்து வந்தார். விபத்து நடந்த நாளிலேயே டிப்போவில் உட்கார்ந்து எழுதியது. மணி கேட்டதும், லேட்டாயிடுச்சே என்றதும், வீட்டில் திட்டுவாள் என்றதும் அப்படியே இருக்கிறது. மறுநாள் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினோம். அவளே ஒரு நகல் எடுத்து, உறை போட்டு வைத்துக்கொண்டாள். அவர் வீட்டு ஆட்களிடம் காட்டப் போகிறாளாம்.

இதை வைத்து உன் இழைகள் உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. ஆறுதல் கொடுத்தது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது, அதில் நான் மாறவில்லை. ஆனால் பார்க்க முடியாத ஒரு உலகத்தைத் துரத்திக்கொண்டு போனவர்தான், இந்த உலகத்தில் ஒன்பது வருடமாக யாரும் தேடாமல் கிடந்த ஒரு உண்மையில் போய் இடித்துக்கொண்டார். உங்கள் வேலையும் அப்படித்தானோ என்று கட்டிகளை நொறுக்கும்போது யோசிக்கிறேன். நாங்கள்கூடத் தூணை உடைத்துப் பார்ப்பதில்லையே. அதே கலவையில் வார்த்த கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு இருபத்தெட்டாம் நாள் உடைத்துவிட்டு, தூண் உறுதி என்று எழுதித் தருகிறோம். ஆனால் எனக்கு இருபத்தெட்டு நாள் என்று ஒரு கெடு இருக்கிறது. உனக்கு அது இல்லை, அதுதான் எனக்குப் பயம். கமிட்டி கேட்பதும் அநியாயமில்லை, கேட்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் சொல். இது தெரியும், இது தெரியாது, இன்னது தெரியவந்தால் என் கணக்கு தப்பு என்று நானே ஒத்துக்கொள்வேன் என்று எழுது. அந்தக் கடைசி வரியை எழுத முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. அதை எழுதுகிறவள் செய்வது அறிவியல் இல்லை என்று இனி நான் சொல்லமாட்டேன். குழுவைக் கலைத்துவிட்டாலும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், நீ குறைந்துபோகமாட்டாய்.

அப்பா இப்போது விசிலடிப்பதில்லை. ஆனால் தட்டைப் பார்த்துப் பேசுவதும் இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். நேற்று உப்பு குறைவு என்று குற்றம் சொன்னார், எவ்வளவு நாளாயிற்று.

மனசில் நினைத்தது கைகூடி, நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அங்கே குளிர் என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கமிட்டிக்கு எழுதுவதை வெறும் வயிற்றோடு எழுதாதே. நான் பேசியது தப்பு, மன்னித்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் பழையபடி ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்வாய் என்று தெரியும். பேசி முடித்துவிட்டு வைப்பதற்கு முன்னால், அம்மா இருக்காளா என்று ஒரு வார்த்தை கேள். பக்கத்திலேயேதான் இருப்பேன்.

உன்னைத் திட்டிவிட்டு ஏழு வாரமாகத் தூக்கம் கெட்ட,
அம்மா