கிணற்றடி கூல்வென்

ஸ்ட்ராஸ்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் கூல்வென் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தோளில் சின்ன அடி, பயப்படாதீர்கள். சாரத்தில் நின்றபோது மேஸ்திரி, “லெ கோஃப், தள்ளி நில்லுடா!” என்று கத்தினார். நம் பிரெத்தான் ஊரில் பாதிப்பேருக்குக் குடும்பப் பெயர் லெ கோஃப்தானே. கிணற்றடி கூல்வென் என்றால்தானே நான்? திரும்பவில்லை. மேலிருந்து பலகை தோளில் விழுந்துவிட்டது.

“சொந்தப் பேரே தெரியாதாடா?” என்றார் மேஸ்திரி.

“எங்க பிரெத்தான் மொழியில அதுக்குக் கொல்லன்னு அர்த்தங்க. எங்க ஊர்ல அது எல்லாருக்கும் பேரு.”

ஆஸ்பத்திரியில் “லெ கோஃப்” என்று கூப்பிட்டார்கள். வேறு யார் எழுந்திருப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். யாருமே எழவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். பார்சல்மேல் ‘கிணற்றடி’ என்றும் எழுதுங்கள். தபால்காரருக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது.