வெறுங்கை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டியது முறை, எழுதிவிட்டேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் மாமியாருக்குப் பாம்புக் காது. நான் போனை எடுத்தால் போதும், பக்கத்து அறையில் மடிப்பதற்கு அவருக்கு ஏதாவது துணி கிடைத்துவிடும். மடித்ததையே உதறி மறுபடி மடிப்பார். அதனால்தான் குளியலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கேயும் நிம்மதி இல்லை. தாழ்ப்பாள் கழன்று போய்விட்டது. தானாகக் கழன்றது என்று அத்தை சொல்கிறார். தானாகக் கழன்ற தாழ்ப்பாளின் திருகாணிகள் அவருடைய தையல் டப்பாவுக்குள் எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரோ பணிமனையில் பேருந்தையே பிரித்துப் பூட்டுகிறவர். ஒரு தாழ்ப்பாளைப் போட அவருக்கு நேரமில்லையாம்.

உனக்குத் தெரியும், அத்தை ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்பும் வேலை. அங்கிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், கண்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் எந்த அறைக்குப் போனாலும் வாசல் ஓரமாக வந்து நிற்பார். வழியை மறிக்க மாட்டார். ஓரமாக நின்று என் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். இந்த வீட்டில் திருடுவதற்கு என்ன இருக்கிறது சொல்.

பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. நான் ஓர் அடி வெளியே வைத்தால் கையில் ஏதாவது திணித்துவிடுகிறார். துணி காயப்போட நான் எழுந்திருக்கக்கூட வேண்டாம், மொட்டை மாடிப் பக்கம் பார்த்தாலே போதும். “மாடிக்கா போற? அப்படியே இதையும் எடுத்துட்டுப் போ” என்று கிளிப் டப்பாவைக் கொடுப்பார். திரும்பி வரும்போது கிளிப் டப்பா எங்கே என்பார். தெருமுனை வரை நடக்கலாம் என்று கிளம்பினால் ஒரு பையைக் கொடுத்து எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்கிறார். வீட்டில் எலுமிச்சம்பழம் கூடை நிறையக் கிடக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு என்று ஒரு பக்கம் படுக்கச் சொல்வது, இன்னொரு பக்கம் வேலைக்காரி மாதிரி ஏவுவது. எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை.

இதைவிடச் சந்தேகமான விஷயம் ஒன்று சொல்கிறேன். அத்தை என்னைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட ஒரு டீயாவது அவருக்குப் பிடித்திருக்கிறதா? இப்போது வெந்நீர் மாதிரி போட்டுக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்று குடிக்கிறார். நான் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்துப் பார்த்தேன். அதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

குழந்தை நன்றாக இருக்கிறது. எல்லோரும் அதை மேனேஜரம்மா என்று கூப்பிடுகிறார்கள், அது அழுதால் வீடே எழுந்து நிற்பதால். அழுதவுடன் என் மடியிலிருந்து அத்தை தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். நான் தூங்க வேண்டுமாம். தூக்கம் வந்தால்தானே. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். அது அழுவது வேறு யார் வீட்டிலோ கேட்பது போல் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் நீ கொடுத்து வைத்தவள், இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும், நன்றியோடு இரு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு நன்றி என்ற சொல்லே கசக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் அத்தை போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினார். “அவளுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு. நான் பாத்துக்கறேன், நீ அழாத” என்றார். கண்ணு என்று அவர் கூப்பிடுவது அவருடைய அண்ணன் மகளை மட்டும்தான். அவளுக்குப் பல வருடமாகக் குழந்தை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார். தாழ்ப்பாளைக் கழற்றியது, வீட்டு மாத்திரை டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியது, குழந்தையை என்னிடம் ஒட்டவிடாமல் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் எதற்கு? இவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று காட்டிக் குழந்தையை அவளுக்குக் கொடுக்கத்தான். அவர்கள் நினைப்பதில் தப்பில்லையோ என்றும் சில நேரம் தோன்றுகிறது. நான் இல்லாவிட்டாலும் அது நன்றாகத்தான் வளரும்.

நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. வர முடியாவிட்டால் பரவாயில்லை, உனக்கும் குடும்பம் இருக்கிறது. என்னை நினைத்து வருத்தப்படாதே.

அன்புடன்,
உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

என் முந்தைய கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். நீ வண்டி ஏறிவிட்டாய் என்று அத்தை சொன்னார். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இருக்காது. இது உன் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். திரும்பிப் போனதும் படித்துக்கொள்.

நேற்று மதியம் அத்தை கண்ணயர்ந்துவிட்டார். கிளிப் டப்பா ஜன்னல் திண்டில் இருந்தது. நான் எடுக்கவில்லை. செருப்பும் போடாமல் மாடிக்குப் போனேன். எதற்குப் போனாய் என்று கேட்காதே. காற்று வாங்க என்று எழுதலாம், ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கைப்பிடிச் சுவர் வெயிலில் சுட்டது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு படியில் மூச்சு இரைக்கும் சத்தம். முட்டி வலியால் ஆமை வேகத்தில் நடக்கிற அத்தை, குழந்தையை இடுப்பில் அணைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். எப்போதும் ஓரமாக நிற்கிறவர் முதல் தடவையாக வழியை மறித்தார். எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றார். திட்டவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. “கீழ வர்றப்போ அப்படியே இவளையும் எடுத்துட்டு வா” என்று என் கையில் குழந்தையைக் கொடுத்தார்.

கனமாக இருந்தாள் அக்கா. இத்தனை நாள் தூக்கியவள்தான் நான், இந்தக் கனம் எனக்குத் தெரிந்ததில்லை. என் கழுத்தில் வாயை வைத்துத் தேடினாள்.

மாடிப் படியிலேயே இருவரும் உட்கார்ந்தோம். அத்தை ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தார். பிரசவம் முடிந்து தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிய ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். “கேட்ல யாரு எதை எடுத்துட்டுப் போறான்னு பாக்கறதுதான் என் வேலை. அன்னிக்கு அவ பை இல்லாம, டிபன் டப்பா இல்லாம, குடைகூட இல்லாம வந்தா. என்னைப் பாத்துச் சிரிச்சா. சோதிக்க ஒண்ணுமில்ல, போம்மான்னு நானேதான் விட்டேன்” என்றார். அவள் வீட்டுக்குப் போகவில்லை, ரயில் பாதைப் பக்கம் போயிருக்கிறாள். சாப்பாட்டு டப்பா அவளுடைய தையல் மெஷின் மேல் திறக்காமல் இருந்ததாம். “எதையாவது கையில வச்சிருந்தா கொண்டுபோய் வைக்கணுமேன்னாவது வீட்டுக்கு வருவாங்க. அதுலேர்ந்து கையில ஒண்ணுமில்லாம ஒரு பொம்பளை போனா எனக்கு விட மனசு வராது” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தக் கிளிப் டப்பாவும் எலுமிச்சம்பழமும் எதற்கு என்று. போனில் அழுத கண்ணு யார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நீதானாமே. இது என் குழந்தை மாதிரியே இல்லை என்று நான் முன்பு போனில் உன்னிடம் ஏதோ பேச்சில் சொன்னதை வைத்து, என்னிடம் காட்டிக்கொள்ளாமல் அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாய். நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் விட்டுவிட்டேன்.

நாளை காலை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். இது பிள்ளை பெற்ற பலருக்கும் வருவதுதானாம், மருந்து இருக்கிறதாம், அத்தை ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் பதில் என்னை ரிப்பேர் செய்யக் கூட்டிப் போவதாகச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இன்னும் எதுவும் சரியாகிவிடவில்லை. இன்று காலையும் கண் விழித்ததும் அதே இருட்டுதான். ஆனால் அத்தை என் டீயைக் குடித்துவிட்டு, இது என்ன கழனித் தண்ணியா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அவரிடம் நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

உன்னிடமாவது எழுதிவிடுகிறேன். நன்றி அக்கா. நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த தடவை வரும்போது பழம், பொம்மை, சட்டை என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. நீ மட்டும் வெறுங்கையோடு வா. வாசலில் அத்தை நிற்பார், பக்கத்தில் நானும் நிற்பேன். நீ படியேறியதும் உன் இரண்டு கையிலும் கொடுப்பதற்கு என் மகள் இருக்கிறாள்.

உன்,
தங்கை