ரிங் போகிறது, ஆள் எடுக்கவில்லை

என்னைக் கடித்தவளுக்கு,

இன்று காலை சீசனின் முதல் லோடுகள் வந்துவிட்டன. எல்லாம் பெங்களூரா மாம்பழம். முதல் டிராக்டரின் அடியிலிருந்து சாறு ஒழுகி, எடைமேடை வரைக்கும் தார் ரோட்டில் கோடு போட்டிருந்தது. வெயில் ஏறியதும் அந்தப் புளித்த நாற்றம் கிளம்பியது. வெளியூர்க்காரர்கள் அதை மூச்சிழுத்து மாம்பழ வாசனை என்பார்கள். எனக்கு அது அடிதடி வாசனை. மணிக்கட்டுக்கு மேலே உன் பல் பதிந்த இடத்துக்கு என் விரல் தானாகப் போனது. தழும்பு அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் ஆழம் கூடுதல், உன் தெற்றுப்பல் பட்ட பக்கம்.

இந்த மாங்கூழ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு நீயும் நானும் ஒரே நாளில்தான் வேலைக்கு வந்தோம். கேட் டோக்கன், எடைமேடை, ஆய்வகம், கணக்கு, சம்பளம் என்று கம்பெனியின் அத்தனை புரோகிராம்களும் ஒரே அப்ளிகேஷன் சர்வரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும். சம்பள சீட்டில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால்கூட முழு சர்வரையும் அணைத்து ஏற்ற வேண்டும். என்ன ஆயிற்று என்று பார்க்க, சர்வர் தானே எழுதிவைக்கிற லாகைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கும். காரணத்தை மட்டும் சொல்லியிருக்காது.

எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். கொன்றுபோட்டுவிட்டுத் திரும்ப எழுப்பு. 'கில்' என்று அடித்து எண்டர் பட்டனைக் குத்தும்போது, அந்தச் சனியனின் கழுத்தை நிஜமாகவே நெரித்த மாதிரி எனக்குள் ஒரு நிம்மதி வரும். நீ குறுக்கே வருவாய். "சாவடிக்கறதுக்கு முன்னாடி, அது எங்க மாட்டிக்கிட்டு கெடக்குதுன்னு ஒரு வார்த்தை கேளுடி." கேட்பதற்கு வழியும் இருந்தது. டம்ப் எடுப்பது என்போம். உள்ளே எந்த வேலை எதற்காகக் காத்து நிற்கிறது என்பதை அப்படியே கக்கிவிடும். ஆனால் சர்வர் திணறிக் கிடக்கும்போது அது வந்து சேர நேரமாகும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இப்போதும் கிடையாது.

அந்த நாள் நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது வீண். இருந்தாலும் சொல்கிறேன், எனக்காக.

ரோட்டில் கண்ணுக்கெட்டிய வரை டிராக்டர்கள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து முந்தின நாளே வந்து நின்றவர்களும் இருந்தார்கள். கணக்குப் பிரிவில் யாரோ வருட அறிக்கையை ஓடவிட்டார்கள். கேட்டில் டோக்கன் வருவது நின்றுபோனது. நாம் மாடிக்கு ஓடினோம். ஜி.எம். சாரின் மேஜையில் சர்வரின் நிலையைக் காட்டும் திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'ஓடுகிறது' என்றது. "பச்சையா இருக்குதேம்மா, எதுக்குக் கத்தறீங்க?" என்றவர், அதோடு விட்டிருக்கலாம். கேட்டுக்கு இறங்கிப் போய் மைக்கைப் பிடித்தார். சிஸ்டம் நன்றாக இருக்கிறது, எல்லோரும் வரிசையில் நில்லுங்கள் என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் தீ வைத்தது. கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் திட்டிக்கொண்டே பீடி பற்றவைத்திருப்பார்கள்.

"நல்லா இருக்குதுன்னா ஏன்யா கேட்ட தெறக்க மாட்டேங்கறீங்க?"

"பழத்த அழுக வுட்டு வெலய அடிக்கப் பாக்கறானுங்கடா!"

முதலில் மாம்பழம் பறந்தது. அப்புறம் கல். பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் டிராக்டரிலிருந்து ஜாக்கி ராடை உருவிக்கொண்டு வந்து எடைமேடை அறையின் கண்ணாடியை அடித்து நொறுக்கினார். உள்ளே இருந்த எடைமேடை அண்ணனின் சட்டையைப் பிடித்து அந்த உடைந்த ஜன்னல் வழியாகவே நாலு பேர் வெளியே இழுத்தார்கள். சட்டத்தில் ஒட்டியிருந்த கண்ணாடி அவருடைய தோளைக் கிழித்தது. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இதையெல்லாம் நான் நம் அறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கீபோர்டுக்குப் பாய்ந்தேன். அங்கே நீ உட்கார்ந்திருந்தாய்.

"டம்ப் வந்துட்டு இருக்குது. இருடி."

"ஆள அடிச்சே கொன்னுடுவாங்கடி! எந்திரி!"

"இப்ப கொன்னுட்டா நாளைக்கும் இதேதான். நாளன்னிக்கும் இதேதான். இரு."

உன் சடையைப் பிடித்து இழுத்தேன். நாற்காலியோடு சாய்ந்தாய். விழுந்த வேகத்தில் எழுந்து என் கையைக் கவ்வினாய். நாய்கூட அப்படிக் கடிக்காது. நான் மறு கையால் உன் வாயில் அறைந்தேன், உதடு கிழிந்தது. படித்த பெண்கள், ஐ.டி. கார்டு மாட்டியவர்கள், ஏ.சி. அறைக்குள் கட்டிப் புரண்டோம். திரையைப் பார்த்த நீ திடீரென்று கையை எடுத்தாய். ரத்தப் பல்லோடு சிரித்தாய்.

"வந்துடுச்சு. இப்ப கொல்லுடி."

கொன்றேன்.

சர்வர் எழுந்து வருவதற்குள் நீ துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். ராடு வைத்திருந்த பெரியவர் உன் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரும்மா உன்ன அடிச்சது? மேனேஜரா? சொல்லு."

"இல்லைங்க. பின்னாடி வர்றா பாருங்க, இவதான். இவளுக்கும் உங்கள மாதிரியேதாங்க, கொஞ்சம்கூடப் பொறுக்க மாட்டா."

அவர் என் கையில் வடிந்த ரத்தத்தைப் பார்த்தார். "பொட்டப் புள்ளைங்க இப்பிடியா அடிச்சிக்குவீங்க?" என்று கேட்டு ராடைக் கீழே போட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கேட்டில் டோக்கன் இயந்திரம் கரகரத்துச் சீட்டுத் துப்பியது. ஆனால் அந்தப் பெரியவரின் பழம் அடியில் கூழாகிவிட்டிருந்தது. ஆய்வகம் வேண்டாமென்றது. ரோட்டோரத்திலேயே மொத்தத்தையும் கொட்டினார். போலீஸ் வந்ததும் அவரைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றினார்கள்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் சொன்னதுதான் சரி. நீ டம்ப்புக்காகக் காத்திருந்த நேரத்தில் வெளியே யார் வேண்டுமானாலும் செத்திருக்கலாம். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக இந்தச் சண்டையில் உன்னை ஜெயிக்க விடுவேன் என்று நினைக்காதே.

ஆனால் அடுத்த நாள் ஜி.எம். முன்னால் அந்த டம்ப்பை விரித்துவைத்து நீ பேசியதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கேட்பதை வாங்கிச் செய்ய சர்வருக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் எல்லோரும் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த வருட அறிக்கைக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றிருக்கிறார்கள். கேட்டுக்கு வர ஓர் ஆள் இல்லை. அது தெரியாமல் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்திருக்கிறது.

"சார், ரிங் போகுது, ஆளு எடுக்கல. அந்தப் பச்ச லைட்டுக்கு அவ்ளோதான் சார் தெரியும். ரிங் போறத வெச்சி உசுரோட இருக்காங்கன்னு சொல்லிட முடியுமா? எடுத்துப் பேசணும்."

உதட்டில் தையலோடு நீ சொன்னது இது. ஜி.எம். முதல் தடவையாகக் காகிதத்தை நிமிர்த்திப் படித்தார்.

சர்வர் விற்றவர்கள் பெங்களூரிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். நீ மூன்று விஷயம் கேட்டாய். யார் எந்த அறிக்கையை ஓட்டினாலும் கேட்டுக்கென்று சில வேலையாட்கள் தனியாக நிற்க வேண்டும். ஒரு புரோகிராம் மாட்டிக்கொண்டால் அதை மட்டும் பிடுங்கிப்போட வழி வேண்டும். வேலை நடந்தால்தான் பச்சை எரிய வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் "அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் மேடம்" என்றார். பிறகு போனில் கன்னடத்தில் யாரிடமோ, காட்டில் வந்து மாட்டிக்கொண்டேன், இதுகள் எனக்குப் பாடம் நடத்துகின்றன என்று சிரித்தார். உங்கள் வீட்டில் பேசுவதே கன்னடம்தான் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? நீ அவர் பாஷையிலேயே கொடுத்த கொடுப்பில் அவர் முகம் வெளுத்துப்போனது. அர்த்தம் எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமென்று டீ கிளாஸை ஓங்கிவிட்டேன். நீ என் கையைப் பிடித்துத் தடுத்தாய். சரியாகக் கடிபட்ட இடத்தில் பிடித்தாய். நான் போட்ட கூச்சலில்தான் அந்த ஆள் நிஜமாகவே பயந்தார்.

அவர்கள் செய்யாததை நீயே செய்தாய். ஒரு பொய் லோடு, கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஓடுகிற லோடு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது கேட்டுக்கு வரும், டோக்கன் வாங்கும், எடைமேடை ஏறும், பூஜ்யம் எடை காட்டிவிட்டு ரத்தாகும். போன லோடு திரும்பி வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனுக்கு லாரி ஏர் ஹாரனையே வாங்கி வந்து ஜி.எம். அறை வாசலில் மாட்டினாய், பாவி. விவசாயி பெயர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டாய். "வேற யார் பேரப் போட்டாலும் சண்டைக்கு வருவாங்கடி" என்றாய்.

போன வருடம், சீசன் முடிந்து கம்பெனி காலியாகக் கிடந்த ஒரு சாயங்காலம், உன் அம்மா எனக்குப் போன் செய்தார். "டிவில தொப்பூர் கணவாய்னு போடறாங்கம்மா. ஏதோ லாரியாம். இவ இன்னும் வூட்டுக்கு வரல." நான் உனக்கு அடித்தேன். ரிங் போனது. உடனே உன் அம்மாவை அழைத்து, "ரிங் போகுதும்மா, ஒன்னும் ஆயிருக்காது. வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பா" என்றேன். "ரிங் போகுதாம், ரிங் போகுதாம்" என்று அவர் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

திரும்ப அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். ஒவ்வொரு தடவையும் ரிங் போனது. கடைசியில் எடுத்தவர் ஒரு போலீஸ்காரர். "யாருங்கம்மா நீங்க?" என்றார்.

பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரி, முன்னால் போன அத்தனையையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. உன் ஸ்கூட்டர் எது, பக்கத்துக் கார் எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் உன் உதட்டுத் தையல் தழும்பை வைத்துத்தான் நீ என்று சொன்னேன். நான் கிழித்த உதடு. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், வெளியே இழுத்துப்போட்டிருந்த அந்த லாரியைப் பார்த்ததும் ஒரு கல்லை எடுத்தேன். உடைப்பதற்கு அதில் கண்ணாடி ஒன்றும் மிச்சமில்லை. வெறும் தகரத்தின் மேல் எறிந்துகொண்டே இருந்தேன். ஒரு பெண் போலீஸ் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கிப் போனார். அவரையும் அடித்தேன்.

இப்போது நிதிப் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். போன வாரம் கூப்பிட்டனுப்பினார். "யாருங்க இந்த விவசாயி? பட்டா இல்ல, ஆதார் இல்ல, ஒரு கிலோ பழம் போட்டதில்ல. ஆனா நாள் முழுக்க லோடு வருது." சொன்னேன். "இறந்தவங்க பேர்ல எண்ட்ரியா? ஆடிட்ல என்னத்தச் சொல்றது? தூக்கிடுங்க. அதான் பச்ச லைட் இருக்குதே" என்றார்.

அவர் முன்னாலேயே அவர் நம்பருக்கு அடித்தேன். மேஜைமேல் போன் கத்தியது. எடுக்கப் போனவரை, "எடுக்காதீங்க சார்" என்றேன். அடித்து ஓய்ந்தது.

"ரிங் போச்சு. நீங்க இருக்கீங்களா, செத்துட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும் சார்?"

கேட்டபோது என் குரல் உடைந்துவிட்டது. அது எனக்கே பிடிக்காததால் மேஜையை ஓங்கிக் குத்தினேன். அவர் டீ கவிழ்ந்து பேண்டில் கொட்டியது. உன் பெயரில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டு, இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நான் போக வேண்டியிருக்கும் என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விஷயம் சாயங்காலம் வரை போகவில்லை. முதல் லோடுகள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஹாரன் அலறியது. கட்டடமே அதிர்ந்தது. நிதிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு நம் அறைக்கு ஓடிவந்தார். என் திரையிலும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். ஒரு டிராக்டரும் நகரவில்லை.

இந்த முறை நான் மைக்கைப் பிடித்தேன். "சிஸ்டம் கெட்டுப்போச்சுங்க. கொஞ்சம் பொறுங்க, சரி பண்ணிட்டு இருக்கோம்." திட்டினார்கள். பீடி பற்றவைத்தார்கள். ஒருவரும் கல்லை எடுக்கவில்லை.

அறைக்கு வந்ததும் என் விரல் 'கில்'லுக்குத்தான் போனது. "அடிங்க, சீக்கிரம் அடிங்க" என்று நிதிக்காரர் பின்னாலிருந்து அவசரப்படுத்தினார். கடிவாய் நமநமவென்று அரித்தது. "இருங்க சார்" என்றேன். நான் அதைச் சொன்னேன் என்று உன்னால் நம்ப முடியாது. டம்ப் எடுத்தேன். அது வரும்வரை கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த பிறகு கொன்றேன்.

சர்வர் எழுந்ததும் நிதிக்காரர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் வரி வந்தது. உன் பெயர், எடை பூஜ்யம், ரத்து. ஹாரன் நின்றது. உன் பெயரை எடுக்கச் சொல்லாமலே அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் மற்ற டிராக்டர்கள் உள்ளே வந்தன.