வேணி சொன்ன 'மாட்டேன்'

ஒலக்கூர்
20-6-1938

சிரஞ்சீவி வேங்கடேசனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. அப்பா, உன் தங்கை கிருஷ்ணவேணி, கறவை மாடு உள்பட யாவரும் சுகம். கல்கத்தாச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்று பெருமுக்கல் மலைக்கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்தேன்.

காலேஜில் படிக்கிற தத்துவத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை வேணி உரக்க வாசித்தாள். கிரேக்க தேசத்தில் பழங்காலத்தில் ஒருவர், அணுக்களெல்லாம் நேராக விழுந்துகொண்டிருக்கையில் ஏதாவது ஒன்று துளி விலகும், அந்த விலகலால்தான் மனிதனுக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று இருக்கிறது என்றாராமே. நம் தேசத்து ஆசீவகர்களோ அதற்கும் முன்னாலேயே, நூலுருண்டையை உருட்டிவிட்டால் நூல் தீருமட்டும் உருள்வதுபோல எல்லாம் விதிப்படிதான் என்றார்களாம். அப்பா உடனே ஆசீவகர் கட்சியில் சேர்ந்துவிட்டார். அந்தத் தெம்பில் அனந்தபுரத்திலிருந்து வேணியைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு நிலம் நிறைய, ஆனால் மூத்த தாரம் தவறியவர், தலை பாதி நரைத்தாயிற்று. இவளுக்கோ திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங் சேர ஆசை. அழுதாள், நானும் சண்டை போட்டேன், அப்பா அசையவில்லை. வந்தவர்கள் தட்டு மாற்றப் போகும் நேரம், நம் ஜோசியர் பச்சைமுத்து என்னைப் பார்த்து, "இது பிரமன் எழுதினதும்மா, மாத்த நாம யாரு" என்றார். காபி கொண்டுவந்த வேணி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் மாட்டேன்றேன். எல்லாமே எழுதினதுன்னா இதுவும் எழுதினதுதானேங்க, நீங்க எதுக்கு மாத்தப் பாக்குறீங்க" என்று கேட்டாள். ஜோசியர் பஞ்சாங்கத்தை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்பா எழுந்த வேகத்தைப் பார்த்து, அடித்துவிடுவாரோ என்று நான் குறுக்கே போய் நின்றேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். "இந்தப் பொண்ணுகிட்ட தெனம் பேசிக்கினு இருக்க நம்மால ஆவாது, ஜல்தி கிளம்புங்க" என்று துண்டை உதறி எழுந்தார். நல்ல மனிதர், போகும்போது பலகாரத் தட்டிலிருந்து ஒரு மல்லாட்டை உருண்டையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டார்.

அப்பா கொஞ்ச நாள் வயலே கதியென்று கிடந்தார். பிறகு ஒரு காலையில் தானே வண்டி பூட்டி, வேணியைத் திண்டிவனம் அழைத்துப்போய் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தார். என்ன திடீரென்று என்றேன். எல்லாம் விதிதான் என்றார், சிரிக்காமல்.

அடுத்தபடியாக உனக்குப் பெண் பார்க்கிறார். உன் இஷ்டம் என்னவென்று உடனே எழுது. பதில் வராவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறாராம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. தீர்க்காயுசாக, நல்ல புத்தியோடு இரு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோவிந்தம்மாள்