நான்காவது சர்வர் சொன்ன ஆள்கணக்கு

நாள் 231, காலை 8.10

நிலவின் தென்துருவ நிலையம். எழுதுவது செந்திவேல், தகவல் பராமரிப்பு. நிலையத்தில் இருவர்: நான், இன்னாசி. காற்று சரி, தண்ணீர் சரி. ஐந்து சர்வர்களில் நான்கு ஓடுகின்றன. வடக்குக் கொட்டகையில் இருக்கும் நான்காவது, பாறை சரிந்து மின்கம்பி அறுந்த நாளிலிருந்து படுத்துக் கிடக்கிறது. அதை எழுப்ப இன்னாசி போயிருக்கிறான்.

9.40

எழுப்பிவிட்டான். கம்பியை இறுகக் கட்டிவிட்டு மதியம்தான் திரும்புவான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கெட்டிக்காரன்.

ஐந்திலும் ஒரே தகவல் இருக்க வேண்டும். ஒன்று தூங்கி எழுந்தால் மற்றவற்றோடு ஒப்பிட்டு, இல்லாததை இட்டு நிரப்புவோம். அதுதான் ரிப்பேர். ஆனால் இது தூங்கியது ஒரு மாதத்துக்கும் மேல். ஒன்றை அழித்தால் 'அழிக்கப்பட்டது' என்ற குறி பத்து நாள்தான் தங்கும். பிறகு குறியும் போய்விடும். நான்காவதில் அழியாமல் கிடக்கும் பழையதை மற்றவை புதிது என்று நம்பி வாங்கிக்கொள்ளும். ஆகவே அதைத் துடைத்துவிட்டு மற்ற நான்கிலிருந்தும் நிரப்புகிறேன் என்று பூமிக்குச் சொன்னேன்.

"துடைக்க வேண்டாம் செந்திவேல். சரிவு நேரத்து அதிர்வுப் பதிவு அதுலதான் இருக்கு. ரிப்பேர் ஓட விடுங்க."

அந்தப் பதிவை மட்டும் தனியே எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"அதுக்கு ரெண்டு நாள் ஆகும். ரிப்பேர் ஓட விடுங்க."

11.20

பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினேன், நின்றது. இரண்டாவது சர்வர் பதிலே சொல்லாமல் முழிக்கிறது. நான்காவதோ எதையும் வாங்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பூமியில் இருப்பவர்களுக்கு இது 'ஓட விடுங்க' என்று இரண்டு வார்த்தை. எனக்குத் தலை வெடிக்கிறது.

13.05

ஆள்கணக்குத் திரையில் மூன்று பெயர்.

ஜெசிந்தா — வெளியே.

அந்தச் சரிவில் போனவள். ஆறு மாதம் நாங்கள் இருவர்தான் இங்கே. டப்பா உணவு எல்லாவற்றிலும் மிளகுப்பொடியைக் கொட்டுவாள், என் தட்டிலும் கேட்காமலே கொட்டுவாள். அவள் பெயரை நீக்கியது நான்தான். அன்று அந்தப் பொத்தானை அழுத்த எனக்கு அரைநாள் ஆயிற்று. இன்று உடனே அழுத்தினேன். பெயர் போயிற்று. வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் திரும்ப வந்து நின்றது.

13.30

இன்னாசி வெளிக்கதவில் நிற்கிறான்.

"அண்ணே, கதவு தொறக்க மாட்டேங்கு. ஜெசிந்தாவுக்குக் காத்திருக்கேன்னு போட்டிருக்கு. அவங்க எறந்துட்டாங்கல்லா?"

முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே வர வேண்டும் என்பது கதவின் விதி. அவளுக்காக இவனை நிறுத்தி வைத்திருக்கிறது. அவன் உடையில் ஒரு மணி நேரக் காற்றுகூட இல்லை.

ரிப்பேரை நிறுத்து என்றேன். 'ரிப்பேர் முடிந்ததும் நிறுத்தப்படும்' என்கிறது.

13.50

ஐந்து முறை நீக்கிவிட்டேன். ஐந்து முறையும் வந்துவிட்டாள்.

"பொறுங்க செந்திவேல், மேல பேசிட்டுச் சொல்றோம்."

"அண்ணே, மூச்சு முட்டுது."

எல்லா மின்சாரத்தையும் அறுக்கப் போகிறேன். காற்று இயந்திரமும் நின்றுபோகும். ஆனால் கதவைக் கையால் திறக்கலாம்.

14.25

திறந்துவிட்டேன். என் மேலேயே விழுந்தான். உதடு நீலம். இப்போது பேசுகிறான்.

16.00

ரிப்பேர் நடுவே அறுபட்டதால் மற்ற நான்கு சர்வர்களும் ஆளுக்கொன்று சொல்கின்றன, கிளம்ப மறுக்கின்றன. எதையும் வாங்காத நான்காவது மட்டும் குலையாமல் இருக்கிறது. அது கிளம்பினால்தான் காற்று இயந்திரம் ஓடும். கிளப்பினேன்.

செந்திவேல் — உள்ளே. ஜெசிந்தா — வெளியே. அவ்வளவுதான். இன்னாசி வருமுன்பே தூங்கிப்போன சர்வர். அவனை அதற்குத் தெரியாது.

உள்ளே எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் காற்று சுத்தமாகும். இப்போது ஒருவருக்கு. புதுப் பெயர் சேர்க்க மூன்று சர்வர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே வருவதைக் குறிக்க ஒன்று போதும்.

17.10

ஜெசிந்தாவின் மாற்று அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"எறந்தவங்க அட்டைய நான் எப்படிண்ணே மாட்ட?"

"மாட்டுல."

புதுக் காற்று உருளையோடு வெளியே போய்த் திரும்பி வந்தான். கதவு உடனே திறந்தது. "ஜெசிந்தா, நெடுநேரம் வெளியே இருந்துவிட்டீர்கள். வரவேற்கிறேன்" என்றது. விசிறி இருவருக்கான வேகத்தில் சுழலத் தொடங்கியது. இன்னாசி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிறகு அழுதான். நானும்தான்.

18.40

"செந்திவேல், ஆள்கணக்குல இறந்தவங்க பேரு இன்னும் காட்டுது. நீங்க சிரமப்பட வேண்டாம். இங்கேருந்தே நீக்கிட்டு ரிப்பேர் ஓட விடறோம்."

பெயரை நீக்கப் பூமிக்கு எந்த சர்வரின் ஒப்புதலும் தேவையில்லை. வேண்டாம் என்று மூன்று முறை அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பெயரைத் தொடாதீர்கள். இன்னாசி அதில்தான் மூச்சு விடுகிறான். இப்போதுதான் அசந்து தூங்க

18.52

விசிறி மெதுவாகிறது. திரையில் என் பெயர் மட்டும். இன்னாசியை எழுப்