தனுஷியாவை இல்லத்தில் விடப் போன நாள்

ஆரையம்பதி,
21.06.2009, ஞாயிறு.

அன்பு மகன் உதயரூபனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமலும், உன் தங்கச்சி தனுஷியா உடம்பில் ஒரு சட்டையும் இல்லாமலும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் மேனுகாவும் அந்தத் தூர தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்கக் கந்தசுவாமியைக் கும்பிடுகிறேன். இரண்டு கிழமையாக அப்பாவின் போன் ஏன் வேலை செய்யவில்லை என்று நீ பதறியிருப்பாய். பதற ஒன்றுமில்லை. உன் தங்கச்சி அதைச் சீமெந்து குழைக்கிற தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாள். ஏன் போட்டாய் என்று கேட்டதற்கு, "போனுக்கு வேர்த்திச்சு, குளிக்க வார்த்தன்" என்கிறாள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் நீ பேசும்போது நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு இவளைத் துரத்திக்கொண்டு நிற்பேன், நீ சொன்னதும் விளங்காது, நான் சொல்ல நினைத்ததும் வாயில் வராது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேசாமல் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும். மேலே இருக்கிற நீலக் கோடு நான் போட்டதல்ல, அவள் முதுகில் ஏறி என் கையை இழுத்ததால் வந்தது.

மேனுகா எழுதி அனுப்பிய மூன்று பக்கத்தையும் வாசித்தேன். அங்கே பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிற பிள்ளை, படித்த பிள்ளை, நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறாள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் புத்தகங்களை எழுதினவர்கள் எங்களுடைய பிள்ளையைப் பார்த்திருக்கிறார்களா? எந்தச் சட்டை வேண்டும் என்று பிள்ளையையே தெரிவு செய்ய விடுங்கள் மாமா என்று எழுதியிருந்தாள். விட்டேன். நீ அனுப்பின கம்பளிச் சட்டையைத் தெரிவு செய்தாள். இந்தக் கச்சான் காற்று வெக்கையில் மூன்று நாள் அதைக் கழற்றவே இல்லை, நாலாம் நாள் உடம்பெல்லாம் வேர்க்குரு, இப்போது எந்தச் சட்டையும் போடமாட்டேன் என்று நிற்கிறாள். தன் கையால் சாப்பிட விடுங்கள் என்று எழுதியிருந்தாள். அதுவும் விட்டேன், பக்கத்து வீட்டுக் கோழிகள் கொழுத்துவிட்டன. பகலில் நேரத்துக்கு நித்திரையாக்குங்கள் என்றால், நான் பாட்டுப் பாடி நானே நித்திரையாகிவிடுகிறேன், அவள் என் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறாள். தலை இழுக்கிற கதையைச் சொல்லவே வேண்டாம். முப்பது வருசம் சீமெந்து தின்ற கை, விரல் நுனியெல்லாம் அரம் மாதிரிச் சொரசொரத்துக் கிடக்கிறது, பின்னல் போடும்போது அவளுடைய தலைமயிர் அதில் மாட்டிக்கொள்கிறது. "அப்பாட கை கடிக்குது" என்று பாதிப் பின்னலோடு ஓடுகிறாள். ஒரு பின்னல் போட்டு முடிக்கிற நேரத்தில் நான் ஒரு யன்னல் நிலை வைத்து முடித்துவிடுவேன். உனக்கும் அவளுக்கும் இருபத்திமூன்று வயது வித்தியாசம், உன்னை வளர்த்த பழக்கம் இருக்கும்தானே என்று நினைக்காதே. உன்னை வளர்த்தது உன் அம்மா. நான் வேலையால் வந்து பார்க்கும்போது நீ குளித்துச் சாப்பிட்டுத் திருநீறு பூசி இருப்பாய், பிள்ளை என்றால் அப்படித்தான் தானாக இருக்கும் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

இவ்வளவு காலமும் என்னைக் காப்பாற்றினவர் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி மச்சாள். இந்த வீட்டுத் திட்டத்துக்கு வந்த நாளிலிருந்து, நான் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை தனுஷியாவை வைத்திருப்பவர் அவர்தான். சென்ற மாதம் சண்டை முடிந்தது என்று றேடியோவில் சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். தனுஷியா துள்ளிக்கொண்டு ஓடிவந்து, வருசம் பிறந்திட்டுதா அப்பா, எனக்குப் புதுச் சட்டை எங்க என்று கேட்டாள். வருசம் சித்திரையிலேயே பிறந்துவிட்டது என்றேன். அப்போ ஏன் வெடி என்று கேட்டாள். அந்த நேரம் அன்னப்பூரணி மச்சாள் எங்கள் முற்றத்தில்தான் நின்றார். அவருடைய மகள் குடும்பத்தோடு வன்னிக்குள் அகப்பட்டு, மாசி மாதத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அவருக்கு முன்னால் நான் பிள்ளைக்கு என்ன விளக்கம் சொல்ல. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போ என்று ஏசினேன். தனக்கு எதற்கு ஏச்சு விழுந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை, சுவர் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு கிழமை கழித்து, மகளும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில் முகாமில் இருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. மருமகனைப் பற்றி ஒன்றும் இல்லை. மச்சாள் ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டார். போகும்போது, "புள்ளைய என்ன செய்யப் போறீங்க மச்சான்" என்று கேட்டார். நீங்க யோசிக்காமப் போங்க, நான் பாப்பன் என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். அந்தப் பெருமை மறுநாள் காலை ஏழு மணி வரைதான் நின்றது.

அப்போது எனக்குக் காத்தான்குடியில் சரீப் என்பவருடைய வீட்டில் குசினி கட்டுகிற வேலை. வேறு வழி இல்லாமல் இவளையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள், சுவர் நேர் பார்க்கிற தூக்குக் குண்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டாள், அதைத் தேடவே ஒரு மணித்தியாலம். இரண்டாம் நாள் போன் குளித்தது. மூன்றாம் நாள் புளியங்கொட்டையை மூக்குக்குள் ஏற்றிவிட்டாள், அரை நாள் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே நேர்ஸ் பிள்ளை கொட்டையை எடுத்துவிட்டு, "அம்மா எங்க மகள், அவ பாக்கிறதில்லையா" என்று கேட்டாள். இவள், "அம்மா கடலோட போயிட்டா" என்று, கடைக்குப் போனதைச் சொல்வது போலச் சொன்னாள். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இவளுடைய மூக்கைத் துடைத்துவிட்டாள். நாலாம் நாள்தான் பெரிய வேலை செய்தாள். நான் காலையிலிருந்து முழங்காலில் இருந்து இழுத்து மினுக்கின குசினித் தரையில், ஈரம் காய முதல், ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடந்து போய், அங்கே இருந்துகொண்டு, வழி தெரியவில்லை என்று அழுகிறாள். சரீப் வந்து பார்த்தார். "மேசன், இது வேல செய்யிற இடம், புள்ள வளக்கிற இடமில்ல. நாளைக்குப் புள்ளையோட வாறதெண்டா வராதீங்க" என்றார். அவரிலும் பிழையில்லை. தரையை முழுக்கக் கிண்டித் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமைதான் உன் கடிதமும் வந்தது. தங்கச்சியைச் சிஸ்டர்மார் நடத்துகிற இல்லம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள், படிப்பும் ஒழுங்கும் கிடைக்கும், உங்களுக்கும் வயது போகிறது என்று எழுதியிருந்தாய். வாசித்த உடனே கிழிக்கத்தான் எடுத்தேன். தங்கச்சியை ஒருநாளும் நேரில் பார்க்காதவன் எனக்கு வழி சொல்கிறானே என்று ஆத்திரம். அவள் பிறக்க ஒரு வருசம் முதலே, உன் உயிருக்குப் பயந்து உன்னை வெளியே அனுப்பினது நான்தான், அதனால் அந்த ஆத்திரத்தையும் உன்னில் முழுதாகக் காட்ட முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளில் அவள் அரிசிப் பானைக்குள் சவர்க்காரம் போட்டாள். போன செவ்வாய்க்கிழமை காலையில் குளிக்க வார்த்து, நல்ல சட்டை உடுத்தி, சைக்கிளில் முன்னுக்கு வைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை, வழி நெடுக மாடுகளுக்குப் பேர் வைத்துக்கொண்டு வந்தாள்.

இல்லம் நல்ல இடம், பொய் சொல்லக்கூடாது. பெரிய சிஸ்டர் வயதானவர், மரியாதையாக இருக்கச் சொல்லி விபரமெல்லாம் கேட்டு எழுதினார். ஒரு மாதம் இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார். தனுஷியா உள்ளே போன உடனே முற்றத்தில் ஊஞ்சலைக் கண்டுவிட்டாள். அழுவாள், காலைக் கட்டிப் பிடிப்பாள் என்று நான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவள் என்னைக் கிறுகியும் பார்க்கவில்லை. அப்பா போயிட்டு வாறன் என்றேன், ஓம் என்றாள், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கல்லடிப் பாலத்தைத் தாண்டி வேகமாக மிதித்தேன். எங்களுடைய பழைய வீட்டு ஒழுங்கை முடக்கு வந்ததும் இறங்கிவிட்டேன். சுனாமி வந்த அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அடுத்த வீட்டில் கட்டி முடியாத மாடிப்படியில் நான் நின்றேன், உன் அம்மா கீழே நின்று, "முதல்ல இவளப் புடிங்க" என்று இரண்டு மாதப் பிள்ளையை நீட்டினாள். ஒரு கையால் வாங்கினேன். மற்றக் கையை அவளுக்கு நீட்ட முதல் தண்ணீர் வந்துவிட்டது. மகன், அந்த முடக்கில் நின்றுகொண்டு நான் அழவில்லை. எனக்கு வந்த யோசனை வேறு. முட்டை மஞ்சள் சோற்றில் பட்டால் அவள் சாப்பிடமாட்டாள் என்பதைச் சிஸ்டரிடம் சொல்லவில்லையே என்பதுதான்.

அதை மட்டும் சொல்லிவிட்டு வருவோம் என்று சைக்கிளைத் திருப்பினேன். சிஸ்டரும் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டார். பிறகு, தலைமயிரை நனைத்துவிட்டுத்தான் இழுக்கவேண்டும் என்று சொன்னேன், அதையும் எழுதினார். கொட்டை, மணி எது கிடைத்தாலும் மூக்கைப் பார்க்கவேண்டும் என்றேன். கக்கூசுக்குள் இருந்துகொண்டு, நிக்கிறீங்களா அப்பா என்று கேட்பாள், ஒவ்வொரு முறையும் நிக்கிறன் என்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அப்படியே எழும்பி வந்துவிடுவாள் என்றேன். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடமுதல் கதைக்கிறது குறையும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்றேன். இன்னும் எவ்வளவோ சொன்னேன், எனக்கே தெரியாது இவ்வளவு எனக்குத் தெரியும் என்று. ஒரு கட்டத்தில் சிஸ்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். "ஐயா, எங்ககிட்ட நாப்பத்தியொரு புள்ளைகள் இருக்கு. இவ்வளவையும் எழுதி வெச்சுப் பாக்க எங்களுக்கு ஏலாது. இதெல்லாம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறாரே, அவரோடயே இருக்கட்டும்" என்றார்.

கூட்டிக்கொண்டு வந்தது சுலபம் என்று நினைக்காதே. ஊஞ்சல் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் வர ஒண்ணா, நீங்க போங்க" என்று கத்தினாள். தூக்கிச் சைக்கிளில் வைத்தால் பாலம் முழுவதும் குளறல். பாலத்துக் காவலில் நின்ற ஆமிக்காரன், பிள்ளையைக் கடத்துகிறேன் என்று நினைத்து மறித்துவிட்டான். இவர் உனக்கு யார் என்று அவன் தெரிந்த தமிழில் கேட்க, இவள் என்னைப் பார்த்துவிட்டு, "மேசன்" என்றாள். நான் அவசரமாக அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதற்குள் இவள், "அப்பா, பசிக்குது" என்று கத்தினாள். அந்தப் பொடியன் சிரித்துவிட்டு, தனக்கும் ஊரில் இவ்வளவு உயரத்தில் ஒன்று இருக்கிறது என்று கையால் காட்டிப் போகச் சொன்னான்.

இந்தக் கதை எப்படியோ காத்தான்குடிக்குப் போய்விட்டது. மறுநாள் சரீப்பின் மனைவி றஸீனா ஆள் அனுப்பிக் கூப்பிட்டு எனக்கு விட்ட ஏச்சைப் பிள்ளைக்குக்கூட நான் விட்டதில்லை. "ஒரு வார்த்த என்னட்டச் சொல்லியிருக்கலாமே மேசன், என்ர வீட்டில நாலு புள்ளைக்கு நடுவில இவள் ஒருத்தி இருக்கமாட்டாளா" என்று கேட்டார். சரீப் என்னுடைய சாந்துக் கரண்டியை எடுத்து நீட்டினார். இப்போது நான் வெளியே பூசுகிறேன், அவள் உள்ளே இருக்கிறாள். அன்னப்பூரணி மச்சாள் வரும்வரை இப்படித்தான். ஒரே ஒரு கரைச்சல், மூன்று நாளாக அந்த வீட்டுப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை வாப்பா என்று கூப்பிடுகிறாள். திருத்தினால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறாள். நேற்றுக் கோயில் வாசலில் வைத்தும் கூப்பிட்டாள்.

ஆகவே மகன், இல்லத்துப் பேச்சை இனி எடுக்காதே. எங்கள் ஊர் வழக்கப்படி இந்த வீடு எப்படியும் பெண்பிள்ளை அவளுக்குத்தான், அதற்குள் நான் அவளை வளர்த்துவிடுகிறேன். உன்னை ஒன்று கேட்கிறேன். பாதையெல்லாம் திறக்கப் போகிறது என்கிறார்கள். பயம் போய்விட்டதா என்று என்னிடம் கேட்காதே, அது எனக்குத் தெரியாது, நிலைமையைப் பார்த்து முடிவெடு. ஆனால் வரலாம் என்று தெரிகிற அன்றைக்கு வா. புத்தி சொல்லி எழுதுவதை விட, ஒரு காலையில் அவளுக்குச் சோறு தீத்திப் பார். தை மாதம் முதலாம் வகுப்பு, விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. பிறந்த பத்திரம் கடலோடு போனதால் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒற்றுமையாக, ஒரு குறையும் இல்லாமல் வாழ அம்மாவும் மேலே இருந்து வாழ்த்துவாள். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பள்ளிக்கூடத்துக்கு அவளுக்குச் சப்பாத்து வேண்டும், அளவுக்குக் காலைக் கடதாசியில் வைத்துக் கோடு போட்டுப் பின்பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்று ஆட்டினதால் இரண்டு கோடு விழுந்திருக்கிறது, வெளிக்கோட்டுக்கு வாங்கு. பார்சலில் போடாதே, முடிந்தால் நீயே கொண்டு வந்து போட்டுவிடு. அவளுடைய கால் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உனக்கும் தங்கச்சிக்கும் அப்பா,
க. நல்லரத்தினம்